காணாதண்ணையும் எட்டுப் பெட்டி ரவையும்

உலகம் ஒருநாள் அழிந்துபோனால் மொன்றியலில் மிஞ்சப்போகிறவர் ஒரே ஒருவர்தான். கட்டடமெல்லாம் விழுந்து, புகை அடங்கி, கடைசி மெட்ரோவும் நின்றுபோன பிறகு, செயின்ட் மிஷேலில் ஒரு மேல்வீட்டுக் கதவு மெல்லத் திறக்கும். காணாதண்ணை எட்டிப் பார்ப்பார். பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போய், அரிசி மூட்டைகளை ஒருமுறை தட்டிப் பார்த்து, "காணாது" என்பார்.

யாழ்ப்பாணத்தில் காணாது என்றால் போதாது என்று பொருள். தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் வேண்டும். அது தபால்காரருக்குத் தெரிந்திருக்கும். எங்களுக்குத் தேவைப்படவில்லை.

நான் அதே கட்டடத்தின் கீழ்வீட்டில் குடியிருக்கும் தனிக்கட்டை. மேலே காணாதண்ணையும் அவர் மனைவி ராணி அக்காவும். அவர்கள் வீட்டில் இரண்டு படுக்கையறை. ஒன்றில் அவர்கள் படுத்தார்கள், மற்றதில் அரிசி படுத்திருந்தது. அரிசிக்குத் துணையாக உளுந்து, உப்பு, சவர்க்காரம், மெழுகுதிரி, தீப்பெட்டி, அப்புறம் மேசை இழுப்பறை நிறைய பற்றரிகள். பாதிப் பற்றரிகள் வீங்கிப்போய்க் கிடந்தன. எறியச் சொன்னால், "தடை வந்தால் தெரியும் அருமை" என்பார்.

தடை என்று அவர் சொன்னது போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்துக்குள் சவர்க்காரமும் பற்றரியும் மண்ணெண்ணெயும் வரவிடாமல் வைத்திருந்த பொருளாதாரத் தடையை. அது முடிந்து எத்தனையோ காலம். ஆனால் அண்ணைக்கு யாரும் வந்து முடிந்துவிட்டது என்று அறிவிக்கவில்லை. மொன்றியலில் தெருவுக்குத் தெரு தெப்பனேர் என்ற மூலைக்கடை இருக்கிறது, நினைத்த நேரத்தில் பாலும் பாணும் வாங்கலாம் என்று சொன்னால், "இண்டைக்கு இருக்கு" என்று ஒரு பதில் வைத்திருந்தார். அதற்குமேல் யாரும் பேசமுடியாது.

அதற்காக அவரைப் பதுக்கல்காரர் என்று எண்ணிவிடாதீர்கள். ஒருமுறை உறைமழை கொட்டி எங்கள் தெருவில் மின்சாரம் போனபோது, வீடு வீடாகப் போய் மெழுகுதிரி கொடுத்தார். "மெர்சி" என்று சொல்லி ஒன்றை எடுத்தவர்களை விடவில்லை. "காணாது, இன்னும் ரெண்டு எடுங்கோ" என்று தமிழிலேயே மிரட்டினார். பெருந்தொற்று தொடங்கிக் கழிப்பறைக் காகிதத்துக்குச் சனம் அடிபட்ட கிழமை, அவர் வீட்டுப் படிக்கட்டில் வரிசை நின்றது. கோயிலில் பிரசாதம் கொடுக்கிறவர் முகத்தில்கூட அவ்வளவு நிறைவை நான் கண்டதில்லை.

இப்படிப்பட்டவர் துப்பாக்கி பிடித்த கதைதான் இது.

புவாண்ட் கிளேரில் ஒரு பண்டகசாலையில் அண்ணைக்கு வேலை. அங்கே ரெஜான் என்று ஒரு கியூபெக்காரர், பொதி தூக்கும் வண்டி ஓட்டுகிறவர். இலையுதிர் காலம் வந்தால் காட்டுக்குப் போய் மூஸ் சுட்டுக்கொண்டு வருவார். மூஸ் என்பது மான் இனம்தான். ஆனால் நேரில் கண்டவர்கள் அதை மான் என்று சொல்லமாட்டார்கள். எருமைக்குக் கால் நீண்டு, தலையில் இரண்டு சுளகு கட்டியது போல இருக்கும். ரெஜான் ஒருநாள் அந்த இறைச்சியில் ஒரு துண்டு கொடுத்தார். ராணி அக்கா அதை யாழ்ப்பாணத் தூள் போட்டுக் கறி வைத்தார். காணாதண்ணை இரண்டாவது கவளத்தோடு சாப்பாட்டை நிறுத்தி யோசிக்கத் தொடங்கினார்.

"தம்பி, ஒரு மூஸில எவ்வளவு இறைச்சி வரும்?"

"ரெஜானைத்தான் கேக்கவேணும் அண்ணை."

"கேட்டனான். ஒரு வருசத்துக்கு வரும் எண்டு சொன்னவன். ஒரு வெடி, ஒரு வருசம்!"

அவருடைய கண்ணில் அன்று தெரிந்த வெளிச்சத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். அடுத்த சனிக்கிழமை புதிய குளிர்ப்பெட்டி ஒன்று மேலே ஏறியது. அதற்குப் பிறகுதான் பாதுகாப்பு வகுப்பு, சோதனை, அனுமதிப் பத்திரம் எல்லாம். மூஸ் வருவதற்கு முன்னமே மூஸுக்கு வீடு தயாராகிவிட்டது.

துப்பாக்கியை, எங்கள் பேச்சில் துவக்கை, வாங்கி ரெஜான் வீட்டுப் பூட்டு அலுமாரியிலேயே வைத்துவிட்டார். ராணி அக்காவும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பிரச்சினை ரவையில், அதாவது துப்பாக்கிக் குண்டில், வந்தது. எத்தனை வைத்திருப்பது?

அரிசி என்றால் அவருக்கு யோசனையே வேண்டாம். ரவை விஷயத்தில் அண்ணை இரண்டாகப் பிளந்துபோனார். ஒரு பாதி, சாமான் முடிந்து போகுமே என்று பயந்த தடைக்காலத்து மனிதர். மற்றப் பாதி, சோதனைச் சாவடியில் கையை உயர்த்திக்கொண்டு நின்ற மனிதர். பையில் ஒரு பற்றரி அகப்பட்டாலே விசாரிக்கப்பட்ட ஊரில் இருந்து வந்தவருக்கு, ரவையைக் காசு கொடுத்து வாங்கி, பற்றுச்சீட்டும் பெற்று, பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வரலாம் என்பதை உடம்பு ஒப்புக்கொள்ளவில்லை. கடைக்காரப் பெடியன் முதல் பெட்டியை மேசையில் வைத்ததும், யாரும் கேட்காமலே அனுமதிப் பத்திரம், மருத்துவ அட்டை, பஸ் அட்டை, வேலை அட்டை எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைத்தார். பெடியன் மருத்துவ அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது செய்கிறதா?" என்று பிரெஞ்சில் கேட்டான். கூடப் போன நான்தான் இல்லை என்று சொன்னேன்.

ரெஜானிடம் ஆலோசனை கேட்டார். ரெஜானுக்கு இது ஒரு கேள்வியாகவே படவில்லை. ஒரு பெட்டி போதும், அதில் இருபது இருக்கிறது, இருபதும் தவறினால் கடையில் மாட்டிறைச்சி வாங்கு என்று சொல்லிவிட்டார்.

"இருபதும் தவறினால் இருபத்தோராவது படாதோ?" என்று அண்ணை என்னைக் கேட்டார். "பேந்து கடையில இல்லையெண்டு சொன்னால்?"

ஆக, சனிக்கிழமை ஒரு பெட்டி வாங்குவார். அன்றிரவு பயத்தில் நித்திரை வராது. வியாழக்கிழமை அளவில் பயம் தணியும். வெள்ளிக்கிழமை மரக்கறிச் சாப்பாட்டோடு காணாது என்ற எண்ணம் எழும்பும். சனிக்கிழமை இன்னொரு பெட்டி. விற்றதைக் கடை திருப்பி எடுக்காது. இப்படியாக எட்டுப் பெட்டி சேர்ந்தது. பூட்டுப் போட்ட தகரப் பெட்டிக்குள் வைத்து, உளுந்து மூட்டைக்குப் பின்னால் ஒளித்தார். அதையும் ரெஜானிடமே விட்டிருக்கலாமே என்று கேட்டேன். "துவக்கு ஆரிட்டையும் இருக்கலாம். சாமான் எங்கட கையில இருக்கவேணும்" என்றார்.

உளுந்துக்குப் பின்னால் ஒளிக்கிறவர், அந்த வீட்டில் தோசை சுடுவார்கள் என்பதை யோசித்திருக்க வேண்டும்.

அந்த மாலை நான் மேலேதான் இருந்தேன். ராணி அக்கா தகரப் பெட்டியைத் தூக்கிவந்து மேசையில் வைத்தார். "இதென்ன?" என்று கேட்டார். காணாதண்ணைக்குப் பொய் சொல்ல வராது. அவர் சேர்த்துவைத்தவற்றில் பொய் ஒன்றுதான் இல்லை. சொன்னார்.

அக்கா கத்தவில்லை. தகரப் பெட்டியைத் தொட்ட கையை உடுப்பில் துடைத்துக்கொண்டார். "இது கிடக்கிற இடத்தில நான் கிடக்கமாட்டன்" என்றார். தன் உடுப்புப் பெட்டியை அடுக்கினார். ஊறப்போட்ட உளுந்தை வடித்து என் கையில் தந்து, "பழுதாக்காதையும் தம்பி" என்றார். அடுத்த பஸ்ஸில் ரொறன்ரோவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

போனவர் அண்ணையின் அழைப்பை எடுக்கவில்லை. என் இலக்கம் என்றால் எடுத்தார். அதனால் ஒவ்வொரு ஞாயிறும் காணாதண்ணை என் சமையலறையில் வந்து உட்கார்ந்து, என் போனை ஒலிபெருக்கியில் போட்டு, மீன் சந்தையில் பேரம் பேசுவதுபோலப் பேசினார்.

"ராணி, எட்டில நாலைக் குடுத்துவிடுறன். நாலு கிடக்கட்டும்."

"ஒண்டும் வேண்டாம்."

"சரி, ரெண்டு."

"ஒண்டும் வேண்டாமெண்டால் ஒண்டும் வேண்டாம்."

"ஒரேயொரு பெட்டி. அதிலயும் பாதி."

போன் வைக்கப்பட்ட சத்தம் கேட்கும். அண்ணை கொஞ்சநேரம் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பார். பிறகு, "இறங்கி வாறா" என்று எனக்குச் சொல்வார்.

ஒக்டோபரில் வேட்டைக்குப் போனார். ரெஜான் வாயில் கையைக் குவித்து, பெண் மூஸ் கூப்பிடுவதுபோல ஒரு சத்தம் போட்டாராம். நீளமான, அழுகிறமாதிரியான சத்தம். இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில் மரங்களை முறித்துக்கொண்டு ஒரு பெரிய ஆண் மூஸ் வெளியே வந்து, தண்ணீர்க் கரையில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது. காணாதண்ணையின் துப்பாக்கிக்கு நேரே. ஒரு வருட இறைச்சி. ரெஜான் "சுடு, சுடு" என்று பிரெஞ்சில் கிசுகிசுத்தார். அண்ணை சுடவில்லை. மூஸ் இன்னும் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு வந்த வழியே போய்விட்டது. ரெஜான் வீடு வந்து சேரும்வரை அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஏன் அண்ணை சுடேல்லை?" என்று கேட்டேன்.

"அது மனுசியைத் தேடி வந்த சீவன், தம்பி" என்றார். "கூப்பிட்ட சத்தம் கேட்டு ஓடி வந்து, ஆளைக் காணாமல் நிக்குது. அதுக்கு எப்பிடி வெடி வைக்கிறது?"

இதைச் சொல்லிவிட்டு என் வீட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவர் வீட்டில் அவ்வளவு அரிசி இருந்தும் அக்கா போனபிறகு அங்கே அடுப்பு எரியவில்லை. நான் வைக்கும் கறியை ராணி அக்கா கண்டிருந்தால் அதற்காகவே திரும்பி வந்திருப்பார்.

ஒரு ரவைகூடச் செலவாகாமல் எட்டுப் பெட்டியும் வீடு திரும்பின. நவம்பர் கடைசியில் காணாதண்ணைக்கு ஒரு ஞானம் பிறந்தது. அக்காவுக்கு ரவை வீட்டில் இருக்கக்கூடாது. அண்ணைக்கு ரவை கையை விட்டுப் போகக்கூடாது. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி, எங்கள் சனம் நன்றாகப் பழகிய வழி, இருக்கிறதே! ஊரில் இடம்பெயர்ந்து ஓடும்போது நகையையும் காணி உறுதியையும் என்ன செய்தோம்? பொலித்தீனில் சுற்றி வீட்டு வளவுக்குள் குழி கிண்டித் தாட்டோம். அப்படியே செய்தார். கட்டடத்தின் பின்வளவில், வேலியோரம், முழங்காலளவுக்குக் கிண்டி, தகரப் பெட்டியைத் தாட்டு மூடி, மேலே மிதித்துவிட்டு வந்து கையைக் கழுவினார்.

அடுத்து வந்த ஞாயிறுகளில் அக்கா என் போனையும் எடுக்கவில்லை. தங்கையின் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று பிறகு தெரிந்தது. எடுத்தபோது டிசம்பர் பாதி. காணாதண்ணை பரிசு விழுந்தவர் மாதிரிச் சொன்னார்: "ராணி, வீட்டில ஒண்டும் இல்லை! ஒரு பெட்டிகூட இல்லை!"

"எங்க குடுத்தனீங்கள்?"

"குடுக்கேல்லை. வளவுக்குள்ள தாட்டுப்போட்டன். ஒருத்தருக்கும் தெரியாது."

மறுமுனையில் கதவொன்றைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு அக்கா, "போனைத் தம்பியிட்டைக் குடுங்கோ" என்றார்.

எனக்குத்தான் சொன்னார். ஆனால் போன் ஒலிபெருக்கியில் இருந்தது, அண்ணைக்கும் கேட்டது. "எங்கட வளவுக்குள்ளதான் தம்பி கிடந்தது. ஆரோ சுட்டுப்போட்டுப் போன வெறும் ரவைக் கோதுகள். மழைக்கு மண் கரைஞ்சு மேல வந்திட்டுது. ஆமி வந்து அதைக் காட்டித்தான் என்ர அண்ணையைக் கூட்டிக்கொண்டு போனவங்கள். விசாரிச்சுப்போட்டு விடுறம் எண்டவங்கள். அம்மா சாகுமட்டும் படலையைப் பாத்துக்கொண்டு இருந்தவ. இந்த மனிசனுக்கு இது தெரியும். தெரிஞ்சுகொண்டு வளவுக்குள்ள தாட்டிருக்கிறார். அதைக் கிண்டி எடுத்து வெளியில அனுப்பினாப்பிறகு கூப்பிடச் சொல்லுங்கோ."

காணாதண்ணை மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குத் தெரியும்தான்" என்றார் மெதுவாக. "சாமான் முடிஞ்சுபோகும் எண்ட பயத்தில மற்றதெல்லாம் மறந்துபோச்சு. நான் என்ன விசர் வேலை பாத்திருக்கிறன், தம்பி." அவர் அழுது நான் கண்டது அந்த ஒருமுறைதான்.

உடனே எழும்பி மண்வெட்டியோடு பின்வளவுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். முதல் வெட்டிலேயே மண்வெட்டி டங் என்று சத்தம் போட்டுத் திரும்பி வந்தது. மொன்றியல் டிசம்பர். நிலம் கருங்கல்லாகிவிட்டது. யாழ்ப்பாணத்து மண்ணில் எந்த மாதத்திலும் தாட்டு எந்த மாதத்திலும் எடுக்கலாம். இங்கே நிலம் பூட்டிக்கொள்ளும், ஏப்ரல் வரை திறக்காது. எத்தனையோ குளிர்காலம் கண்டும் எங்கள் இருவருக்கும் அது மண்டையில் ஏறவில்லை.

ஏப்ரல் வரை என்றால், அக்காவும் ஏப்ரல் வரை.

அதன் பிறகு அவர் அந்த நிலத்தோடு நடத்திய போரைப் பார்த்திருக்க வேண்டும். முதலில் உப்பு. மூட்டை மூட்டையாக, தன் கையாலேயே கொட்டினார். அவருடைய சேமிப்பு மண்ணில் கொட்டுப்பட்டு நான் கண்டது அதுதான் முதல் தடவை, அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை. அடுத்து கொதிதண்ணீர். காலையில் ஊற்றியது மாலைக்குள் கண்ணாடியாகி, குறுக்கு வழியாகப் பின்வளவால் வந்த தபால்காரர் அதில் வழுக்கி, வேலியிலிருந்து பின்வாசல்வரை உட்கார்ந்தபடியே வந்து சேர்ந்தார். கடிதங்களைக் கொடுத்துவிட்டுத்தான் எழும்பினார்.

ஜனவரியில் கரி. பழைய இரும்புத் தட்டு ஒன்றில் கரியைக் கொட்டி, தாட்ட இடத்துக்கு மேலே வைத்து மூட்டினார். நல்ல தணல். நாங்கள் இரண்டு கதிரை போட்டு, தேத்தண்ணி குடித்துக்கொண்டு, நிலம் இளகட்டும் என்று காத்திருந்தோம். கோபம் ஆறிய ரெஜான் அன்றுதான் பார்க்க வந்தார். பனிக்குள் என்ன இறைச்சி வாட்டுகிறீர்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். காணாதண்ணை தன் பிரெஞ்சில், இறைச்சி இல்லை, கீழே ரவைப் பெட்டி இருக்கிறது, அதைச் சூடாக்குகிறோம் என்று விளக்கினார்.

ரெஜானின் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. ஒரு அடி பின்னால் வைத்தார். இன்னொரு அடி. அதன்பிறகு ஓட்டம்தான். தன்னுடைய வண்டிக்குப் பின்னால் போய்க் குந்தியிருந்து, கியூபெக்காரர்கள் தேவாலயச் சாமான்களின் பெயர்களைச் சொல்லித் திட்டும் அந்தத் திட்டெல்லாம் திட்டினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எட்டுப் பெட்டி ரவைக்குமேல் நெருப்பை மூட்டிவிட்டு நாங்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறோம்! கோப்பையும் கையுமாக நானும் வண்டிக்குப் பின்னால் போய் விழுந்தேன்.

காணாதண்ணை ஓடவில்லை. "வெடிச்சால் நிலம் வெடிக்கும், பெட்டி வெளியில வரும்" என்று கத்திக்கொண்டு நின்றவர், பிறகு ரெஜானின் திட்டைத் தாங்கமுடியாமல், இரண்டு கையாலும் பனியை அள்ளி அள்ளி நெருப்பில் கொட்டி அணைத்தார். நிலம் விரல் நுனியளவுகூட இளகியிருக்கவில்லை.

அந்த ஞாயிறு அக்காவிடம் இதைச் சொன்னேன். அண்ணை அப்போது மேலே படுத்திருந்தார். அக்கா சிரித்தார். போன பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அன்றுதான். சிரித்து முடித்துவிட்டுக் கேட்டார்:

"நீங்கள் எல்லாரும் ஓட, அவர் ஓடேல்லையோ?"

"இல்லை அக்கா. பனியை அள்ளிக் கொட்டிக்கொண்டு நிண்டவர்."

"கையுறை போட்டவரோ?"

"இல்லை அக்கா. வெறுங் கை."

"சரி தம்பி, வைக்கிறன்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் வாசலில் ஒரு டாக்சி நின்றது. ராணி அக்கா இறங்கினார். நான் பெட்டியைத் தூக்க ஓடினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, நேரே பின்வளவுக்குப் போனார். அங்கே காணாதண்ணை முழங்காலளவு பனிக்குள் கொதிதண்ணீர்க் கேத்திலோடு நின்றார். அக்காவைக் கண்டதும் கேத்திலைப் பின்னால் ஒளித்தார். ஏதோ சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தவருக்கு வந்தது இவ்வளவுதான்:

"நிலம் இன்னும் இளகேல்லை, ராணி."

"அது இளகுமட்டும் நான் அங்கயிருந்து என்ன செய்யிறது?" என்றார் அக்கா. "கையைக் காட்டுங்கோ பாப்பம். ஐயோ, தோலெல்லாம் வெடிச்சுக் கிடக்கு. வாங்கோ உள்ளுக்கு."

அன்று மேலே இருவரும் போட்ட சண்டை தெருவுக்கே கேட்டது. நான் தொலைக்காட்சியை நிற்பாட்டிவிட்டு, கதிரையைச் சுவரோடு போட்டு இருந்து கேட்டேன். எவ்வளவு நல்ல சண்டை!

ஏப்ரலில் நிலம் திறந்ததும் இருவரும் சேர்ந்து கிண்டினார்கள். பெட்டியை அக்காதான் தூக்கினார். நாங்கள் கை நீட்டியும் யாரிடமும் கொடுக்கவில்லை. ரெஜானின் வண்டியில் மடியிலேயே வைத்துக்கொண்டு போய் அவர் வீட்டு அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தார். எத்தனை வைத்திருப்பது என்ற கேள்விக்கும் அவரே தீர்ப்புச் சொன்னார்: "காட்டுக்குப் போகேக்க ரெஜானிட்டை வாங்குங்கோ, வரேக்க திருப்பிக் குடுங்கோ. இஞ்ச ஒண்டும் வரப்படாது." காணாதண்ணை அதற்கு ஒப்புக்கொண்டார். அதன்பின் ஒவ்வொரு இலையுதிர் காலமும் ரெஜானோடு காட்டுக்குப் போனார். ஒன்றையும் சுடவில்லை. ரெஜானும் பழகிக்கொண்டார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் ராணி அக்காவுக்கு ரொறன்ரோ பிடித்துப்போயிருக்கிறது. தங்கை, தங்கையின் பிள்ளைகள், தமிழ்க் கடைகள். அதே பேச்சாக இருந்து, இரண்டு கோடைக்கு முன் அண்ணையையும் கூட்டிக்கொண்டு அங்கேயே குடிபோய்விட்டார். மேலே இப்போது ஓர் இளம் சோடி. தங்கமான பிள்ளைகள். சண்டையே போடுவதில்லை. எனக்கு மேல்வீட்டைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

உண்மையைச் சொன்னால், அக்கா இல்லாத அந்தக் குளிர்காலத்தில் காணாதண்ணை ஒவ்வொரு மாலையும் என் மேசையில் உட்கார்ந்து, என் உப்பில்லாத கறியைச் சாப்பிட்டார். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்கென்று ஒரு வீட்டாள் இருந்தது அப்போதுதான். அதே குளிர்காலம் இன்னொருமுறை வந்தாலும் கையுறை போடாத கதையை அக்காவுக்கு நான் சொல்லத்தான் செய்வேன். ஒரு கிழமை பிந்திச் சொல்வேன், அவ்வளவுதான்.